விளக்கக் குறிப்பு

ஐயா,
நான்காம் தோட்டத்தில் சுரபுன்னைக் கன்றுகள் நாற்பத்தொன்று
எப்படி ஒடிந்தன என்று குறிப்பாணை வந்தது.
ஆடு மேயவில்லை. புயல் இல்லை.
என் கால்.
பூங்காவனத்தின் கால்.
திரும்பி வரும்போது அவனுடைய முழு உடம்பு.

மாசி அமாவாசை. மாலை ஆறே முக்காலுக்குப்
படகுத்துறையிலிருந்து போன்:
வாடகைப் படகில் போன ஒருத்தர் வரவில்லை,
பறக்கும் கேமரா கண்டல் மேல் விழுந்ததாம்,
எடுக்க இறங்கினாராம்,
துடுப்புக்காரன் ஒரு பீடி முடியும்வரை பார்த்தானாம்,
பிறகு கூப்பிட்டானாம்,
பிறகு பயந்து வந்துவிட்டானாம்.

வனவர் அமலோற்பவநாதன்
மணல் வண்டி வழக்கில் சாட்சி சொல்லக் கடலூர் போயிருந்தார்.
புதுச்சத்திரத்தில் பேருந்து நின்றுவிட்டது என்றார்.
என்னிடம் டார்ச் ஒன்று, பலகை ஒன்று.
பூங்காவனம் கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.
நான் கூப்பிடவில்லை. பலகையைத் தூக்கியதைப் பார்த்து
கழுவிய காலோடு திரும்ப இறங்கினார்.
(காப்புக்காட்டில் நண்டு பிடிக்க
அவருக்கு அனுமதி உண்டா என்பது
இந்தக் குறிப்பின் பொருள் அல்ல.)

வரைபடத்தில் வாய்க்கால்களுக்கு எண் இருக்கிறது.
இருட்டில் இல்லை.
சின்னவாய்க்கால் வழியாகக் கடல்
வீட்டுக்காரர் மாதிரி, கதவு தட்டாமல்,
உள்ளே வந்துகொண்டிருந்தது.
பெயர் தெரியாததால் "சார்" என்று கூப்பிட்டேன்.
காட்டில் அது யாருடைய பெயரும் இல்லை.

பூங்காவனம் டார்ச்சை அணைக்கச் சொன்னார்.
அடைய வந்த நீர்க்காகங்கள்
ஓரிடத்தில் மட்டும் உட்காராமல் சிறகடித்தன.
"அங்க ஆள் நிக்குது."

அங்கே போக
வாய்க்காலைச் சுற்றினால் நாற்பது நிமிடம்.
நான்காம் தோட்டத்தின் குறுக்கே எட்டு.

மூன்று ஐப்பசியாக நான் ஊன்றியவை.
முழ உயரம், நாலு இலை, சிலதுக்கு ஆறு.
எண்ணிப் பழகிய புத்தி அப்போதும் எண்ணியது:
ஒன்று, இரண்டு,
வெண்டைக்காய் நுனி ஒடிக்கிற சத்தம்.
பதினேழுக்குப் பிறகு எண்ணவில்லை.

இடுப்புவரை சேறு. மார்புவரை தண்ணீர்.
பிடித்துக்கொள்ள அவன் ஒடித்தது தில்லைக் கிளை;
பால் தெறித்த கையால் கண்ணைத் துடைத்திருக்கிறான்.
"யாரு, யாரு" என்றான்.
வனத்துறை என்றேன்.
நண்டுக்காரி என்றார் பூங்காவனம்.
அதைக் கேட்ட பிறகுதான் அழுதான்.

சேற்றில் சிக்கியவரை இழுக்கக் கூடாது,
எனக்குப் பயிற்சியில் சொன்னார்கள்,
அவருக்கு யாரும் சொல்லவில்லை.
பலகையில் குப்புறப் படுத்து
காலைச் சுற்றிக் கையால் தோண்டித் தண்ணீர் விட்டு
ஒரு கால், வெகுநேரம் கழித்து இன்னொரு கால்,
"படு, நீச்சலுக்குப் படுக்கிற மாதிரி படு" என்று அதட்டி.
ஒரு செருப்பைச் சேறு வைத்துக்கொண்டது.
என் குடிதண்ணீர் முழுக்க அவன் கண்ணுக்குப் போனது.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் பார்வை தெளிந்ததாம்.
முதலில் கேட்டது, கேமரா கிடைத்ததா என்று.
எனக்குக் கோபம் வரவில்லை.
மறுநாள் விடிந்ததும் நான் போனது
ஆஸ்பத்திரிக்கு இல்லை,
கன்றுகளைப் பார்க்க.

நடவுப் பதிவேட்டில்
சேதத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம்:
கால்நடை, புயல், பூச்சி, பிற.
'பிற' என்று எழுதி அனுப்பினேன்.
அதற்குத்தான் உங்கள் கடிதம்.

இனி விதைக்காய் விழப் புரட்டாசி ஆகும்.
ஓதம் வற்றிய பிறகும்
எங்கள் கால்குழிகளில் தண்ணீர் நிற்கிறது,
சிலதில் இறால் குஞ்சு.
மேட்டிலிருந்து பார்த்தால், ஐயா,
கன்றுகளுக்கு நடுவே ஒரு பாதை தெரிகிறது,
கோணலாக.
அதில் நட வேண்டாம் என்கிறார் பூங்காவனம்.
நான் இன்னும் முடிவு செய்யவில்லை.